பெர்னார்டின் இடது கை

பெர்னார்ட் பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தால் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. வளைவு வந்தால் முன் சீட்டின் அடியில் பாதம் அழுந்தும். எதிரே லாரி வந்தால் இன்னும் அழுந்தும். பக்கத்தில் இருக்கும் மோலி அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "அந்த டிரைவருக்கும் பிரேக் இருக்குங்க" என்பாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு பஸ் ஓட்டியவர். பெரும்பாலும் ஒரே தடம். மைசூர், கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை, காட்டுக்குள் பாலாறு செக்போஸ்ட், அதைத் தாண்டினால் மேட்டூர், சேலம். அவருடைய அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மைசூர் மில்லுக்கு வேலைக்கு வந்தவர். பெர்னார்ட் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தார். பூசை மட்டும் இரண்டிலும் கேட்டார். மோலி கொள்ளேகாலில் நர்ஸாக இருந்தாள். சனிக்கிழமை சாயந்திரம் மைசூருக்குத் திரும்பும்போது டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில்தான் உட்காருவாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு இவரோட முதுகுதான் பழக்கம்" என்று சொல்லுவாள். கண்ணாடியில் அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், நிம்மி. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மெஷின்களுக்குக் கன்ட்ரோலர் செய்யும் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலும் மோட்டார் என்ன, வாரன்டி என்ன என்று படித்து முடிக்காமல் வாங்க மாட்டாள். பெர்னார்ட் அதற்கு நேர்மாறு. கையில் எடுத்துப் பார்ப்பார், பிடித்திருந்தால் வாங்குவார். ஆகவே அந்த வீட்டில் எது வாங்கினாலும் ஒரு சண்டை உண்டு.

ஓய்வு பெற்று விஜயநகர் வீட்டில் குடியேறிய சில வருஷங்களில் சர்க்கரை அவருடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். இடது முன்கையில் சின்ன அறுவை செய்து இரத்தக் குழாயைத் தடிமனாக்கியிருந்தார்கள். அதில்தான் இரண்டு ஊசிகளும் ஏறும். ஊசி ஏறிவிட்டால் அந்தக் கை அசையக் கூடாது. மற்றபடி செய்வதற்கு ஒன்றுமில்லை. மெஷின் ஓடும், மனிதன் படுத்திருப்பான்.

அந்த "மற்றபடி" தான் பெர்னார்டுக்கு ஆகவில்லை.

இரண்டாவது மாதம், ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார். "இனிமே வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்."

"யாரு சொன்னது?" என்றாள் மோலி.

"நான்தான்."

"நீங்க எப்போ டாக்டர் ஆனீங்க?"

"சும்னே படுத்துக்கிட்டு மேல ஃபேனை எண்ணிக்கிட்டு இருக்கறது என் கையில ஆகாது மோலி. யாரோ ஓட்டற வண்டியில நாலு மணி நேரம் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு."

மோலி அவர் தட்டில் இருந்த ஊறுகாயை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். மூன்று இரண்டானால் என்ன ஆகும் என்று நர்ஸாக இருந்த அவளுக்குத் தெரியும். வார்டில் பார்த்திருக்கிறாள். முதலில் கால் வீங்கும். பிறகு மூச்சு. நிம்மி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் சாயந்திரம் பெர்னார்ட் வழக்கம்போலத் தன் அறையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அது நிம்மியின் பழைய கம்ப்யூட்டர். ஸ்டியரிங், பெடல், கியர் எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை மேஜையில் பூட்டிக் கொடுத்திருந்தாள். பஸ் ஓட்டுகிற விளையாட்டு. மைசூரிலிருந்து மேட்டூர் வரைக்கும் யாரோ ஒரு ஆர்வலர் வரைந்து இலவசமாக விட்டிருந்த பாதையைத் தேடி எடுத்து ஏற்றியிருந்தாள். பாதை சுமார்தான். பாலாறு, வண்டி துடைக்கும் துணி மாதிரி நீலமாகக் கிடக்கும். ஆனால் செக்போஸ்ட் இருந்தது, பச்சைத் தகரக் கூரையோடு.

விளையாட்டு நேரத்துக்கு மதிப்பெண் கொடுக்கும். பெர்னார்டுக்கு எப்போதும் சைபர்தான். செக்போஸ்டில் பஸ்ஸை ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்து, எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆகும். திரையில் சிவப்பு எழுத்தில் தாமதம், தாமதம் என்று மின்னிக்கொண்டிருக்கும்.

"அப்பா, அது கேம். அதுல டீ பிரேக் கிடையாது."

"வண்டியில ஐம்பது பேர் இருக்காங்க. அவங்களுக்கு இது கேம்னு யார் சொன்னது?"

அன்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நிம்மிக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு இந்த மேஜையைக் கொண்டுபோக முடியாது. கையில் பிடிக்கிற கேம் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுபோகலாம்.

வழக்கம்போலப் படிக்க ஆரம்பித்தாள். நடுவில் திரை, இரண்டு பக்கமும் கைப்பிடி, உள்ளே முழுக் கம்ப்யூட்டர். பஸ் விளையாட்டு அதில் ஓடும். எடை அதிகம், ஆனால் ஸ்டாண்டில் மாட்டிவிடலாம். பேட்டரி நான்கு மணி நேரம் தாங்காது. டயாலிசிஸ் அறையில் பிளக் எல்லாம் மெஷினுக்கு மட்டும், ஆகவே பவர் பேங்க் வேண்டும். உள்ளே ஃபேன் சத்தம் போடும், பக்கத்துக் கட்டில்காரர் தூங்குவார். எல்லாவற்றுக்கும் ஒரு வழி கிடைத்தது. ஒன்றுதான் இடித்தது. அதைச் செய்தவர்கள் எல்லோருமே மனிதனுக்கு இரண்டு கை சும்மா இருக்கும் என்று நம்பிச் செய்திருந்தார்கள்.

பட்டன்களை மாற்றி எழுதலாம். அது அவளுடைய தொழில். ஸ்டியரிங், ஆக்ஸிலேட்டர், பிரேக் மூன்றையும் வலது பக்கத்துக்குக் கொண்டுவந்து, கியரை ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிட்டால் ஒரு கை போதும்.

மோலியிடம் சொன்னாள்.

"ஒரு சம்பளத்தைப் பொம்மையில போடப் போற" என்றாள் மோலி.

"அப்பா மூணு நாளும் வருவார்ம்மா."

"வந்து? கை அசைஞ்சா?"

"இடது கைக்கு வேலையே இல்ல. எல்லாம் வலது கைதான்."

"நீ மெஷினுக்கு எழுதறவ. நான் மனுஷங்களப் பாத்தவ. முதல்ல யார்கிட்டயாவது வாங்கிப் பாரு. அப்புறம் பேசலாம்."

கம்பெனியில் நிம்மிக்கு அடுத்த மேஜையில் இருந்த கார்லிடம் அப்படி ஒன்று இருந்தது.

"யாருக்கு?" என்றான் கார்ல்.

"எங்க அப்பாவுக்கு."

"ஆடுவாரா?"

"ஓட்டுவார்."

சனிக்கிழமை அதை எடுத்துப் போனாள். டயாலிசிஸ் அறையில் பொறுப்பில் இருந்த டெக்னீஷியன் கௌரம்மா சாதனத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷினோட பிளக்கத் தொட்டீங்கன்னா வெளியே அனுப்பிடுவேன்" என்றார். அதுதான் அனுமதி. ஊசி ஏற்றி, இடது கையை நீட்டி வைத்து, அடியில் தலையணை கொடுத்தார்கள். கட்டிலின் குறுக்கு மேஜையில் ஸ்டாண்டை நிம்மி இறுக்கினாள். பெர்னார்டின் வலது கை கைப்பிடியைப் பற்றியது.

கொள்ளேகால் வரை சுகமாகப் போனார். ஹனூரில் நிறுத்தினார், கதவைத் திறந்தார், மூடினார். இயர்போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இஞ்சின் சத்தம் மெல்ல அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். கௌரம்மாகூட இரண்டு தடவை வந்து நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் ஃபேனைப் பார்க்கவே இல்லை. நிம்மி வெளியே போய் அம்மாவுக்கு, நல்லா இருக்கார், என்று செய்தி அனுப்பினாள்.

உள்ளே திரும்பியபோது பஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் இஞ்சின் தடுமாறிக் குரல் தாழ்ந்தது. பெர்னார்டின் இடது கை எழுந்தது. எழுந்து, பக்கவாட்டில் போய், அங்கே இல்லாத ஒரு தடியைப் பிடித்துக் கீழே இழுத்தது.

மெஷின் கூவியது.

"சார், கை! கை அல்லாடிஸ்பேடி, அசைக்காதீங்க!" என்று கௌரம்மா ஓடி வந்தார். ஊசி இரத்தக் குழாயைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. இரத்தம் உள்ளுக்குள்ளேயே பரவி, முழங்கைக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு மேடு கட்டியது. ஊசியை உருவி, அழுத்திப் பிடித்து, ஐஸ் வைத்தார்கள். அன்றைய டயாலிசிஸ் பாதியில் நின்றது. குறுக்கு மேஜையில் பஸ் பின்னோக்கி உருண்டு ஒரு மரத்தில் மோதி நின்றிருந்தது.

"எதுக்குப்பா கைய எடுத்தீங்க?" என்றாள் நிம்மி.

பெர்னார்ட் தன் கையை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். "வண்டி செகண்ட் கேட்டுச்சு. கை போயிடுச்சு."

நம் ஊர் பஸ்ஸில் டிரைவர் வலப்புறம் இருப்பார். கியர் அவருடைய இடது கைக்கு. முப்பது வருஷம் அந்த மலையில் இஞ்சின் முனகிய ஒவ்வொரு தடவையும் அந்த இடது கை போயிருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்று நிம்மி விளையாட்டுக்குச் சொல்லியிருந்தாள். கைக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டில் மோலி கருநீலமாகிக் கிடந்த கையைத் தன் மடியில் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். நிம்மியைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. "அதைத் திருப்பிக் கொடுத்துடு" என்று மட்டும் சொன்னாள்.

சத்தத்தை நிறுத்திவிட்டால் கை போகாது என்று நிம்மி கணக்குப் போட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் சத்தத்தை அணைத்து ஓட்டச் சொன்னாள். பெர்னார்ட் கால் கிலோமீட்டர் ஓட்டி, ஓரம் கட்டிவிட்டார்.

"ஊமை வண்டிம்மா. இதை ஓட்டறதுக்குப் பதிலா ஃபேனையே பாக்கலாம்."

செவ்வாய்க்கிழமை அவர் டயாலிசிஸுக்குப் போகவில்லை. கை வலி என்றார். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை காலையில் செருப்பு காலில் ஏறவில்லை. மாடிப்படியில் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார். மோலி அவர் சட்டையை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். நிம்மி லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள்.

ஊசி ஏற்றிய பிறகு பெர்னார்ட் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங் டிரைவரே, அன்னைக்கு வண்டி மலையிலயே நின்னு போச்சுங்களே. பாலாறு போய்ச் சேரலீங்களா?"

தொட்டையன். ஹனூருக்குப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் ராகியும் கொஞ்சம் மாடுமாக வாழ்ந்தவர். விடியும் முன்னே பஸ் ஏறி டயாலிசிஸுக்கு வருகிறவர். சனிக்கிழமை பூராவும் அவர் கண் இந்தத் திரையில்தான் இருந்திருக்கிறது.

பெர்னார்ட் கண் திறக்கவில்லை. "போகலைங்க. பிரேக் டவுன்."

"எங்க ஊரு ஸ்டாப்புல நிறுத்தவே இல்ல, வேகமாப் போயிட்டீங்க. அப்பவும் நீங்க அப்படித்தானுங்க. கையக் காட்டினாலும் நிக்க மாட்டீங்க."

பெர்னார்ட் இப்போது கண் திறந்தார். "அது எக்ஸ்பிரஸ்."

"எங்களுக்கு என்னங்க எக்ஸ்பிரஸ். பொண்டாட்டி தலையில மூட்டையோட நிப்பா. நீங்க புழுதியக் குடுத்துட்டுப் போவீங்க."

"எந்த ஸ்டாப்? புளியமரமா?"

"அதேதானுங்க."

"அங்க நிறுத்த ஆர்டர் கிடையாது."

"ஆர்டர் கெடக்குது" என்று தொட்டையன் இடது கையால் தாடையைச் சொறிந்தார்.

நிம்மி அந்தக் கையைப் பார்த்தாள். தொட்டையனுக்கு இடது கைக் குழாய் எப்போதோ அடைத்துப்போய்விட்டது. இப்போது வலது கையில்தான் ஊசி. இடது கை சும்மா இருந்தது. பெர்னார்டின் வலது கை சும்மா இருந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போடும் இடம். அந்த ஸ்டூலில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

படித்தவற்றில் ஒன்று ஞாபகம் வந்தது. எடை கூடுதல், விலையும் கூடுதல் என்று அவள் ஒதுக்கிவைத்த ஒரு மாடல். அதில் இரண்டு கைப்பிடிகளும் திரையிலிருந்து தனித்தனியாகக் கழன்று வரும், கம்பியில்லாமலே வேலை செய்யும்.

"ஐயா, நீங்க வண்டி ஏதாவது ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"மாடு ஓட்டியிருக்கேன் அம்மிணி."

"கியர் போடுவீங்களா? அப்பா சொல்லச் சொல்லப் போட்டாப் போதும்."

பெர்னார்ட் தலையைத் தூக்கினார். "யாரு? இவரா? லைசென்ஸ் இல்லாத ஆள் கையில கியரா?"

"சொன்னாப் போடறேனுங்க. மாடுதான் சொன்னாக் கேக்காது. நான் கேப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் நிம்மி மோலியிடம் சொன்னாள். மோலி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கியர் அந்த ஆளு போடுவாரு. சரி. வண்டி சத்தம் கேக்கும்ல? இவர் கை அப்பவும் போகும்ல?"

மோலி கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு டவராவை எடுத்தாள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள். பெர்னார்டைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, இடது கையை மேஜைமேல் மல்லாக்க நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் டவராவை வைத்தாள்.

"மலை ஏறுங்க."

முதலில் ஆட்டோமேட்டிக் கியரில் ஏறினார். மூன்றாவது வளைவில் தண்ணீர் மேஜையெல்லாம் ஓடியது. கீபோர்டை நிம்மி தூக்கிக்கொண்டாள்.

"பாத்தியா" என்றாள் மோலி. ஆனாலும் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். "இப்போ நீ கியர் போடு. நீங்க வாயத் திறந்து சொல்லுங்க. கத்தியே சொல்லுங்க."

மலை அடிவாரத்திலிருந்து மறுபடியும். பெர்னார்டுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அவர் வாழ்நாளில் கியரை யாரிடமும் சொன்னதில்லை. வளைவு வந்தது, இஞ்சின் குரல் தாழ்ந்தது. "தர்டு" என்றார். நிம்மி பட்டனை அழுத்தினாள். "செகண்டு. செகண்டு போடும்மா, தூங்கறியா?" அழுத்தினாள். அடுத்த வளைவு, அதற்கடுத்தது. டவராவில் தண்ணீர் லேசாக நடுங்கியது, வழியவில்லை. சொல்லிவிட்டால் கை அடங்கிவிடுகிறது. ஏன் என்று நிம்மிக்குத் தெரியவில்லை. படித்துப் பார்க்கவும் தோன்றவில்லை. மலை உச்சிக்குப் போய், இறங்கி, பச்சைத் தகரக் கூரை வரைக்கும் டவரா அப்படியே இருந்தது.

பெர்னார்ட் இஞ்சினை அணைத்தார். மோலி டவராவை அவர் உள்ளங்கையிலிருந்து எடுத்து, அந்தத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

"வாங்கு" என்றாள்.

"விலை..."

"வாங்குன்னு சொன்னேன்."

அப்படித்தான் அது அந்த வீட்டுக்கு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் பெர்னார்ட் செய்த முதல் காரியம், கையில் எடுத்து எடை பார்த்தது. பிடித்திருந்தது.

முதல் வாரம் அறையின் அமைதியே கெட்டுப்போனது. "தர்டு" என்றால் தொட்டையன் நான்காவதில் போடுவார். வண்டி குலுங்கி நிற்கும். "மேல தள்ளினா ஏறும், கீழ தள்ளினா இறங்கும். மாட்டுக்குக்கூட ரெண்டே வார்த்தைதான், தெரியும்ல?" என்பார் பெர்னார்ட். "மாடு திருப்பிப் பேசாதுங்க, அதான் அதுக்குப் பொறுமை" என்பார் தொட்டையன். அப்பால் இருந்த நோயாளிகள் யார் பக்கம் தப்பு என்று கன்னடத்தில் தீர்ப்புச் சொல்லுவார்கள். கௌரம்மா வந்து இரண்டு பேருடைய ஊசிக் கைகளையும் பார்த்துவிட்டு, "ஆமேலே, அப்புறமா சண்டை போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

புளியமர ஸ்டாப்பில் பெர்னார்ட் நிறுத்தினார். விளையாட்டு அங்கே நிறுத்தம் காட்டவில்லை. சும்மா சாலையோரம் ஒரு மரம் இருந்தது, அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டுத் தொட்டையனைப் பார்த்தார். தொட்டையன் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏறிட்டாங்க, போலாங்க" என்றார்.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை முதல் முறையாக மலை ஏறி இறங்கிப் பாலாறு சேர்ந்தார்கள். நிம்மி அன்று கூட இருந்தாள். பச்சைக் கூரைக்குக் கீழே பஸ்ஸை ஓரம் கட்டி இஞ்சினை அணைத்துவிட்டு, பெர்னார்ட் அறை முழுக்கக் கேட்கும்படி பஸ் ஸ்டாண்டு குரலில் அறிவித்தார்.

"பாலாறு. பத்து நிமிஷம். டீ குடிக்கறவங்க குடிக்கலாம்."

அங்கே படுத்திருந்தவர்கள் எல்லோரும் நாளுக்கு இத்தனை டம்ளர் என்று தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள். முதலில் கடைசிக் கட்டிலில் ஒரு அம்மாள் சிரித்தாள். அது அப்படியே வரிசையாக ஓடி வந்தது. தொட்டையன் சிரித்த சிரிப்பில் அவருடைய மெஷின் ஒரு தடவை கூவி அடங்கியது. "எனக்கு சக்கரை கம்மி" என்றார் கௌரம்மா.

அதற்குப் பிறகு பெர்னார்ட் ஒரு நாளும் தவறவில்லை. மூன்று நாளும், ஆட்டோ வருமுன்னே சட்டை போட்டு வாசலில் நிற்பார். இடது கைப்பிடியைத் தொட்டையன் தன் துணிப்பையில் ஊருக்கே எடுத்துப்போக ஆரம்பித்தார். வேறு யாராவது தொட்டுவிடுவார்கள் என்று அவருக்குச் சந்தேகம். சார்ஜுக்கு என்ன செய்கிறார் என்று நிம்மி கேட்டாள். டீக்கடையில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

மழைக்காலம் போய், கிறிஸ்துமஸும் போனது. தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மோலி அவருடைய இடது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது மடிப்பில் அவர் அவள்மேல் சாய்ந்தார். டாக்டர் இதயம் என்றார். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இப்படி நடப்பதுண்டு என்றார். மோலிக்கு அது முன்பே தெரிந்திருந்தது. நிம்மிக்கு அன்றுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்தது. முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. சட்டைகளை மோலி கோயிலுக்குக் கொடுத்தாள். ஸ்டியரிங் செட்டை நிம்மி மேஜையிலிருந்து கழற்றினாள். கழற்றிய இடத்தில் நான்கு வட்டத் தழும்பு இருந்தது. அதன்மேல் விரிப்பைப் போட்டாள். கையடக்கக் கம்ப்யூட்டரை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் சிநேகிதன் ஒருவன் வாங்கிக்கொள்வான் என்று கார்ல் சொன்னான். பெட்டியைத் தேடி எடுத்து, துடைத்து, உள்ளே வைக்கும்போதுதான் இடது பக்கப் பள்ளம் காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

சனிக்கிழமை பெட்டியோடு டயாலிசிஸ் அறைக்குப் போனாள். பெர்னார்டின் கட்டில் அன்று காலியாக இருந்தது. யாரோ புதிய ஆள் மத்தியானம் வருவாராம். தொட்டையன் அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தார். முடியவில்லை.

"தேடி வரோணும்னு இருந்தேன் அம்மிணி. விலாசம் தெரியல." இடது கையால் தலைமாட்டுப் பையைத் துழாவி, மஞ்சள் துணியில் சுற்றிய கைப்பிடியை எடுத்து நீட்டினார். முழு சார்ஜ் இருந்தது.

நிம்மி வாங்கிக்கொண்டாள்.

"வண்டி எங்க நிக்குதுங்க?" என்று கேட்டார் தொட்டையன்.

அவள் பார்த்திருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து திரையை ஏற்றினாள். மலை அடிவாரம். தாளபெட்டா. ஓரமாக, கதவு மூடி, ஹேண்ட் பிரேக் போட்டு நின்றிருந்தது.

"ஏத்தம் ஆரம்பிக்கிற எடம்" என்றார் தொட்டையன். "அங்க நிறுத்தக் கூடாதுங்களே. பின்னால வர்ற வண்டிக்கெல்லாம் தொந்தரவு."

நிம்மி ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர். கார்கூடத் தெரியாது. கைப்பிடியைத் துணியிலிருந்து பிரித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். வலது பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டாள். ஹேண்ட் பிரேக்கை விட்டாள். முதல் வளைவை மிக அகலமாக எடுத்தாள். பஸ் எதிர்ப்பக்கப் பாறையை உரசிக்கொண்டு போனது. இரண்டாவது வளைவில் இஞ்சின் குரல் தாழ ஆரம்பித்தது. இப்போது ஏதோ சொல்ல வேண்டும். செகண்டா தர்டா என்று அவள் யோசிப்பதற்குள் கியர் இறங்கியிருந்தது. வண்டி சீராக ஏறியது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொல்லவே இல்லையே."

தொட்டையன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வண்டி கேட்டுச்சுங்களே" என்றார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க அம்மிணி."

கார்லுக்கு அன்று சாயந்திரம், விற்கவில்லை என்று செய்தி அனுப்பினாள்.